சுட்ட கிழங்குக்கு மேலே வெள்ளை மட்டும்

சிரட்டைக்கரிச் சாம்பலுக்குள் புதைத்த உருளைக்கிழங்கு வெந்துவிட்டது என்று முதலில் சொல்வது மூக்குதான்: தோல் கருகும் வாசனை, அதற்கடியில் ஒரு மண் வாசனை, அதற்கும் அடியில் ஈரத் துணிமேல் சூடான இரும்பு ஓடும்போது எழும்புமே ஒரு கஞ்சி வாசனை, இந்த மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும், நான் கிணற்றடியில் இருந்தாலும் சரி, தெருமுனையில் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாலும் சரி, கால் தானாகக் கிளம்பிவிடும். கிழங்கை எடுத்து, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி எறிந்து, ஊதி, கட்டைவிரலால் அழுத்திப் பிளந்தால் ஆவி குபுக்கென்று வரும். அதற்குப் பிறகுதான் என் வாழ்க்கையின் பெரிய கேள்வி: இதுக்கு மேலே என்ன வைப்பது? என் வயதுப் பிள்ளைகள் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். எனக்கென்று இருந்த ஒரே ஆராய்ச்சி இதுதான்.

மட்டாஞ்சேரியில் எங்களுடையது துணி வெளுக்கிற குடும்பம். எந்தக் காலத்திலோ பட்டாளத்துக்காரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டிவந்தார்களாம். பட்டாளம் போய்விட்டது, அழுக்கு போகவில்லை, அதனால் நாங்களும் போகவில்லை. வீட்டை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு நீளக் கூடம் உண்டு. அதை ‘தேய்ப்புப்புரை’ என்போம். உள்ளே மூன்று மேசை, மேசைக்கு ஒரு கரி இஸ்திரிப்பெட்டி, மூலையில் கனல் போட ஒரு குழி. ஒரு மேசை அப்பாவுடையது, இன்னொன்று பெரியப்பாவுடையது. மூன்றாவது சித்தப்பாவுடையது, அவர் ஒருநாள் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டதால் அதன்மேல் கொஞ்ச காலமாகப் பூனை படுத்திருந்தது. அம்மா கிணற்றடியில் கஞ்சியும் நீலமும். என் அக்கா கோமதி எல்லா இடத்திலும். நான் எந்த இடத்திலும் நிற்காமல் எல்லா இடத்தின் குறுக்கிலும். “எடா, உனக்குக் குண்டியில முள்ளா?” என்று பெரியப்பா கேட்பார். உட்காரச் சொன்னால் எழுந்திருப்பேன், எழுந்திருக்கச் சொன்னால் ஓடுவேன்.

கிழங்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பஜாரில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இறங்குகிற கிட்டங்கி ஒன்று இருந்தது. அங்கே மூட்டை சுமக்கும் மம்மதிக்காவின் லுங்கிகளை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். சாக்கை இழுக்க அவர்கள் கையில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். அது குத்தும்போது சாக்குக்குள்ளே இருக்கும் ஒன்றிரண்டு கிழங்குக்கும் குத்து விழும். குத்து விழுந்த கிழங்கு இரண்டு நாளில் அழுகும் என்பதால் யாருக்கும் வேண்டாம். “கொண்டு போ மோனே, இது ஆஸ்பத்திரி கேசு” என்று மம்மதிக்கா என் சட்டைப்பையில் திணிப்பார். அந்தக் குத்து ஓட்டைதான் எனக்கு அருமை. சுடுவதற்கு முன்பே அதற்குள் கல் உப்பை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டால், வேகும்போது உள்ளேயே உருகி நடுக்கிழங்கு வரைக்கும் ஏறிவிடும். ஓட்டையில்லாத நல்ல கிழங்கை வாங்கித் தின்கிறவர்களைப் பார்த்து எனக்குப் பாவமாக இருக்கும்.

ஆனால் எத்தனை நாள்தான் உப்பு? அங்கேதான் அப்பாவின் சட்டம் குறுக்கே வந்தது.

“எடா, புரைக்குள்ள நிறமுள்ள சாதனம் ஒண்ணும் கேறக்கூடாது. மனசிலாச்சா?” என்பார். சாதனம் என்றால் பொருள். மஞ்சள் கூடாது, மிளகாய் கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடவே கூடாது. சாயாகூட வாசலுக்கு வெளியே நின்று குடித்துவிட்டு, கை கழுவி, கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சுற்றிலும் ஊர்க்காரர்களின் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் மலைபோலக் குவிந்திருக்கும்போது அவர் சொல்வதும் நியாயம்தான். ஒரே ஒரு நிறத்துக்கு மட்டும் உள்ளே வர அனுமதி இருந்தது. அது அப்பாவின் மூக்குப்பொடி. சட்டம் போட்டவர் மூக்கு சட்டத்துக்கு வெளியே. அந்தப் பொடியால் அவருக்கு வாசனையே தெரியாது. புரை தீப்பிடித்தால்கூட யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

ஆக, கிழங்குக்கு மேலே வெள்ளை மட்டும். அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு நான் செய்த வித்தைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரிக்கத்தானே சொல்கிறேன். துருவிய தேங்காய் வைத்தேன், நன்றாக இருந்தது. தேங்காயில் சீனி கலந்தேன்; அது பலகாரம் மாதிரி ஆகி கிழங்கு வெட்கப்பட்டது. கெட்டித் தயிரும் உப்பும் வைத்தது ராஜ யோகம், ஆனால் தயிர் அம்மாவின் கண்ணைத் தாண்டி வர வேண்டும். பூண்டு வெள்ளை என்று கண்டுபிடித்த அன்று ஐந்து பல் நசுக்கி வைத்துத் தின்றேன்; மறுநாள் வரை பூனைகூடப் பக்கத்தில் வரவில்லை. துணிக்குப் போடுகிற கஞ்சியையே ஒருநாள் ஊற்றிப் பார்த்தேன். அதில் அம்மா ஏற்கனவே நீலம் கலந்திருந்தாள். நாக்கு இரண்டு நாள் நீலம். அதைவிடப் பெரிய சாதனை, அலமாரியில் இருந்த வெள்ளைப் பொடியைச் சீனி என்று நினைத்து அள்ளி வைத்தது. அது சலவைக்காரம். நான் போட்ட கூச்சலில் பெரியப்பா பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். நாக்கு பொத்துப்போய் நான்கு நாள் பேச முடியவில்லை. வீட்டில் அந்த நான்கு நாளை இப்போதும் நல்ல நாட்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

வெளியே பார்த்தாலோ, ஊரே நிறம். எதிர்ச் சாரியில் மிளகாய்க் கிட்டங்கி. கதவு திறந்தால் தெரு முழுக்கத் தும்மும். அடுத்தது மஞ்சள். சாயாக்கடை மேசையில் சுட்ட மிளகாயும் சின்ன வெங்காயமும் அரைத்த சம்மந்தி, சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. குஜராத்திச் சேட்டு வீட்டுப் பின்ஜன்னலில் பச்சைத் துவையல் மணக்கும். மம்மதிக்கா ஒருநாள் என் ஆராய்ச்சியைக் கேட்டுவிட்டு, “எடா மண்டா, கிழங்குக்கு மேல தலேநாள் மீன்சாறு. அதுக்கு மேல ஒண்ணும் படைச்சவன் படைக்கல” என்று தீர்ப்பு சொன்னார். முந்தின நாள் மீன்குழம்பைத்தான் சொல்கிறார். சுட்ட கிழங்கைப் பழைய வேட்டித்துணியில் சுற்றிக்கொண்டு சாயாக்கடைக்கு ஓடிப் பார்த்தேன். போய்ச் சேரும்போது கிழங்கு ஆறிப்போகும். ஆறிய கிழங்கும் ஆறாத ஆசையுமாகத் திரும்பி வருவேன். உள்ளே வெள்ளை, வெளியே நிறம், நடுவில் நான். அந்தக் கோடை முழுவதும் அப்படியே போயிற்று.

அந்தக் கோடையில்தான் அக்கா, மூன்றாவது மேசை தனக்கு வேண்டும் என்று கேட்டாள்.

அவளுக்குப் பதினெட்டு வயது. கரிப்பெட்டி என்பது பெண்கள் தூக்குகிற சாமானில்லை என்பது புரையின் இன்னொரு சட்டம். வெளுப்பது பெண்கள், தேய்ப்பது ஆண்கள். ஆனால் அப்பாவும் பெரியப்பாவும் சாப்பிடப் போகிற நேரத்தில் அவள் தலையணை உறைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கையைப் பழக்கியிருந்தாள். அப்பாவோ பள்ளுருத்தியிலிருந்து ஒரு ஆளைப் பேசிவைத்திருந்தார். திங்கட்கிழமை வந்து மூன்றாவது மேசையில் நிற்பதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து எங்கள் வாடிக்கைக்காரரான ஃபிலோமினா சேச்சி ஒரு வெள்ளை உடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மகள் லில்லிக்கு ஞாயிற்றுக்கிழமை ‘ஆத்ய குர்பானை’. நம் பக்கத்தில் புதுநன்மை என்பார்களே, அது. மெல்லிய வாயில் துணியில் கழுத்திலிருந்து கால்வரை சுருக்குக்கு மேல் சுருக்கு. அதைப் பார்த்ததும் பெரியப்பா, “எனக்கு விரல் தடி” என்று கையை விரித்துவிட்டார். அப்பா அதை ரொம்ப நேரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அக்காவிடம், “இது நேரே சொவ்வே வந்தா, ஆளை வரண்டான்னு சொல்லிடறேன்” என்றார். ஒழுங்காக வந்தால் அந்த ஆள் வர வேண்டாம், என்று அர்த்தம். அக்கா மேசையிலிருந்து பூனையைத் தூக்கிக் கீழே விட்டாள்.

வெள்ளிக்கிழமை வெளுத்து, நீலம் காட்டி, கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, சனிக்கிழமை காலை தண்ணீர் தெளித்துச் சுருட்டி மேசையில் வைத்தாள். துணி உள்ளுக்குள் ஈரம் ஊறிப் பதமாவதற்கு அப்படி வைக்க வேண்டும். நான் அன்று காலை லில்லி வீட்டுக்கு மற்ற துணிகளைக் கொண்டுபோனேன். அங்கே ஒரே பலகாரப் பரபரப்பு. லில்லி என்னைவிட இரண்டு வயது சின்னவள், என் கிழங்கு ஆராய்ச்சியில் எனக்கிருந்த ஒரே சிஷ்யை. அவள் அடுக்களைப் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டு, அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்த கட்டிப்பால் டின் ஒன்றை நீட்டினாள்.

“எடா, இது வெளுப்பல்லே? நின்றெ அச்சன் வழக்கு பறயில்லல்லோ.”

இது வெள்ளைதானே, உன் அப்பா திட்ட மாட்டாரே என்கிறாள். சொல்லப்போனால் என்னைவிட அவளுக்குத்தான் மூளை. அந்த டின்னை நான் மார்போடு அணைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் ஏதோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

புரையில் யாருமில்லை. கிழங்கு வெந்திருந்தது. மூன்றாவது மேசையோரம் நின்று பிளந்தேன், டின்னைச் சாய்த்தேன். கட்டிப்பால் நூல்போல இறங்கிக் கிழங்கின் ஆவியில் உருகி வழிந்தது. உப்பு உள்ளே, இனிப்பு மேலே. அந்த முதல் வாயை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்று தின்று பழக்கமில்லாத எனக்கு அந்த ருசியில் காலும் ஆடியது, கையும் ஆடியது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, சுருட்டி வைத்த உடுப்பின்மேல் விழுந்தது.

பார்த்தேன். வெள்ளைமேல் வெள்ளை. உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்தேன். போயே போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் சட்டம் எவ்வளவு நல்ல சட்டம் என்று அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு மதிப்பே வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா பெட்டியை எடுத்தாள். அப்பாவும் பெரியப்பாவும் தங்கள் மேசையில் வேலை செய்வதுபோல அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய துணியில் சூடு பார்த்தாள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. கை முடிந்தது, கழுத்து முடிந்தது, சுருக்கு ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்றது. “கொள்ளாமே”, நன்றாக இருக்கிறதே, என்று பெரியப்பா வாய்க்குள் சொன்னது எனக்கே கேட்டது. கடைசியாகப் பாவாடையின் முன்பக்கம். பெட்டி ஒரு ஓட்டம் ஓடித் திரும்பியது. அது தாண்டிப்போன இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு, மெதுவாக ஒரு தவிட்டு நிறம் எழும்பியது.

சர்க்கரையும் பாலும் சூட்டில் சிவக்கும் என்று உலகத்தில் பால்கோவா கிண்டுகிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் புரையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரிகிற கறைக்குத்தான் நாங்கள் பயந்து பழகியிருந்தோம்.

அக்கா பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். அப்பா வந்து பார்த்தார்.

“சூடு நோக்கலையா?”

“நோக்கினேன் அப்பா. மூணு வட்டம் நோக்கினேன்.”

“நோக்கின துணியா இது?” அவர் சத்தம் போடவில்லை. அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தாங்குகல்லில் வைத்தார். “போ. அம்மாகிட்ட போய் நில்லு. திங்கக்கிழமை ஆள் வரட்டும். என் தப்பு, உன் தப்பில்லை.”

அந்தக் கடைசி வார்த்தைதான் கொடுமை. திட்டியிருந்தால் அக்கா திருப்பிப் பேசியிருப்பாள். அவள் உடுப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கனல் குழிப் பக்கத்தில் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தாள்.

நான் எங்கே இருந்தேன் என்றால், கதவருகில். டின் முதுகுக்குப் பின்னால். வாயில் இரண்டாவது கிழங்கின் கடைசிக் கவளம். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிற வாய் இது. பெரியப்பாவின் வழுக்கையிலிருந்து பாதிரியாரின் நடைவரைக்கும் எதையும் விட்டுவைக்காத வாய். அன்றைக்கு அது பூட்டிக்கொண்டது. கிணற்றடிக்குப் போனேன், திரும்பி வந்தேன். சாயாக்கடை வரை போனேன், திரும்பி வந்தேன். ஒவ்வொரு முறையும் வாசற்படியில் கால் வைக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். உள்ளே வந்ததும் வாசல் வழியாக எதிர்வீட்டு ஓட்டில் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பார்ப்பேன். சொன்னால் அடி விழும், அது பெரிதில்லை, அடி எனக்குத் தினப்படி. இனிமேல் கிழங்கே கிடையாது என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். என் அக்காவின் மேசை ஒரு பக்கம், என் கிழங்கு ஒரு பக்கம். பத்து வயதில் என் தராசு எப்படி நின்றது என்று பாருங்கள். அக்கா இரண்டு மூன்று தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் காக்கையைப் பார்த்தேன்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். உடுப்பை முகத்தருகே தூக்கி, அந்தப் புளியங்கொட்டைக் கறையை நாக்கு நுனியால் தொட்டாள்.

“அப்பா, இது கரிஞ்சதில்லை.”

“பின்னே?”

“நக்கி நோக்குங்க.”

பெரியப்பா பெட்டியை வைத்துவிட்டார். அப்பா, ஊர் முழுக்க உடுத்துகிற துணியை முப்பது வருஷமாகத் தொட்டும் ஒருநாள்கூட நக்கிப் பார்த்திராத மனிதர், குனிந்து நக்கினார். புருவம் ஏறியது. “அம்மிணி, இவிடே வா” என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நக்கினாள். அம்மாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

“கட்டிப்பாலு.”

நான்கு தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. மூன்று தலை என்று சொல்ல வேண்டும். அக்கா முதலிலிருந்தே என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாக்கை நீட்டுடா” என்றார் அப்பா.

நீட்டினேன். டின்னும் முதுகுக்குப் பின்னாலிருந்து கீழே விழுந்து உருண்டு அவர் காலடியிலேயே போய் நின்றது. டின்னுக்காவது என்னைவிட நேர்மை இருந்தது. அப்பா விறகுக்கட்டையைத் தேடினார்.

“அடியெல்லாம் பின்னே மதி”, அப்புறம் போதும், என்றாள் அக்கா. எழுந்து நின்றிருந்தாள். “வெயில் போகுது. அம்மா, இளஞ்சூட்டு வெள்ளம் வேணும். பெரியப்பா, முத்தத்துக் கொடியை அவிழ்த்து வெயில்ல மாத்திக் கட்டுங்க. எடா, நீ ஓடு. நாலு எலுமிச்சங்காய். நடந்து வந்தே, கொன்னுருவேன்.”

யாரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. நான் ஓடினேன். வாழ்க்கையில் எனக்கு ஓடத்தான் தெரியும், அன்றைக்கு அதற்கு முதல் முறையாக ஒரு உபயோகம் கிடைத்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு அவள் கறையைக் கசக்கவில்லை, இரண்டு விரலால் தட்டித் தட்டி இனிப்பை இறக்கினாள். அப்புறம் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயிலில் விரித்தாள். கிழக்கே மழை மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆறுபேர் வீட்டில் ஐந்து பேர் வானத்தைப் பார்த்து நின்றோம், பூனை மட்டும் டின்னை நக்கிக்கொண்டிருந்தது. தவிட்டு நிறம் சாயா நிறமானது, சாயா நிறம் வைக்கோல் நிறமானது. அதற்குமேல் இறங்கவில்லை. தூறல் விழும் நேரத்தில் உடுப்பை உள்ளே எடுத்தாள்.

மறுபடி கஞ்சி. சூடான பெட்டியின் பக்கத்தில் பிடித்துப் பிடித்து உலர்த்தினாள். ஐந்து மணிக்குத் திரும்ப மேசைக்கு வந்தபோது அவளுடைய பெட்டியில் கனல் அவிந்திருந்தது. அப்போது அப்பா குழியிலிருந்து இடுக்கியால் நல்ல கனலாகப் பொறுக்கி எடுத்து, அவள் பெட்டியைத் திறந்து நிரப்பி, சாம்பலை ஊதி, மூடி, அவள் கையருகே வைத்தார். எங்கள் புரையில் ஒருவர் பெட்டிக்கு இன்னொருவர் கனல் போட்டு நான் பார்த்ததில்லை. அவரவர் பெட்டிக்கு அவரவர்தான்.

வைக்கோல் நிறத்து மிச்சம் விழுந்த இடத்தில் அக்கா பாவாடையை ஒரு விரல் அகலத்துக்கு மடித்து, தேய்த்து, ஒரு மடிப்பு எழுப்பினாள். மறைக்க வைத்த மடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல நின்றது. அன்று சாயங்காலம் உடுப்பை அவளே கொண்டுபோனாள். என்னை நம்பிக் கைக்குட்டைகூடக் கொடுக்கிற நிலையில் யாரும் இல்லை. ஃபிலோமினா சேச்சி, “இது முன்பு இல்லாயிருந்நல்லோ, இந்த மடக்கு?” என்று கேட்டாராம். “இதாணு சேச்சி இப்போ ஃபேஷன்” என்றாளாம் அக்கா. மறுநாள் நான் வேதக்கோயில் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். லில்லி மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு போனாள். இடது பக்கம் அந்த மடிப்பு மட்டும் அவளோடு கூடக் கூட நடந்தது. அடுத்த வருஷம் அதே பக்கத்தில் அதே மடிப்பு வேண்டும் என்று மூன்று உடுப்புகள் வந்தன என்றால் நம்புங்கள். என்னால் இந்த ஊருக்குக் கிடைத்த ஒரே நாகரிகம் அது.

திங்கட்கிழமை வந்த ஆளுக்கு அப்பா சாயா வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது மேசை அக்காவுடையதாயிற்று. எனக்குக் கிடைத்த தண்டனையை அடி என்று நினைப்பீர்கள். அடி உண்டு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தண்டனையை அக்கா சொன்னாள்: “இனி உப்பு மாத்திரம்.” அதற்குமேல் அந்தப் புரையில் நான் தின்ற எந்தக் கிழங்குக்கும் மேலே எதுவும் இல்லை.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆட்டோ ஓட்டிப் பார்த்தேன், படகில் டிக்கெட் கிழித்தேன், கட்டட வேலைக்குப் போனேன். ஒரு இடத்தில் நிற்கிற வியாதி கடைசிவரை எனக்கு வரவில்லை. புரை இன்றும் இருக்கிறது. கூரையிலிருந்து மின்சாரக் கம்பி தொங்குகிறது, கனல் குழியைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். கரி இல்லை என்றால் சாம்பல் இல்லை. கிழங்கை எங்கே புதைப்பது? பஜார்க் கிட்டங்கியில் கொக்கிக்குத்து வாங்கிய கிழங்கை யார் எடுத்துப் போகிறார்களோ தெரியாது. அப்பா இல்லை. லில்லி வெளிநாட்டில் எங்கோ நர்ஸ்.

போன மாதம் அக்கா மகன் என்னை எறணாகுளத்தில் ஒரு மாலுக்குக் கூட்டிப்போனான். அங்கே அடுப்பில் சுட்ட கிழங்கு விற்கிற ஒரு கடை. பலகை முழுக்க எழுத்து. “மாமா, மேலே என்ன வேணும்?” என்று கேட்டான். ஐம்பது வருஷமாக என்னை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சீஸ், புளித்த க்ரீம், அவரைவிதை, சோளம், சிவப்பாய் ஒரு சாறு, பச்சையாய் ஒரு இலை. நான் யோசித்த யோசனையில் பின்னால் வரிசை நீண்டு ஒரு சேட்டன், “அம்மாவா, ஒந்நு தீருமானிக்கு”, மாமா, ஒரு முடிவுக்கு வாருங்கள், என்று கெஞ்சினார். எல்லாவற்றையும் போடச் சொன்னேன். ஒன்றைத் தின்றேன், இன்னொன்றைக் கட்டி வாங்கிக்கொண்டு பள்ளுருத்திக்கு பஸ் ஏறினேன். அக்கா அங்கேதான் மகனோடு இருக்கிறாள். தோள்பட்டை வலியென்று பெட்டியைப் பிடித்து நாலைந்து வருஷமாகிறது.

டப்பாவைத் திறந்து பார்த்தாள். மேலே வழிந்த வெள்ளையை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருவரும் சிரித்தோம்.

“அன்னைக்கு உனக்கு எப்படித் தோணிச்சு, நக்கி நோக்கணும்னு?” என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

“தோணறதுக்கு என்னடா இருக்கு? டின்னைப் பின்னாலே ஒளிச்சுட்டு நீ நின்னதை நான் நோக்கிட்டுத்தானே இருந்தேன். அப்பா பெட்டியை வாங்கறப்பவே அறிஞ்சேன்.”

“பின்னே எதுக்கு அரை மணிக்கூர் சும்மா இருந்தே?”

“நீ சொல்லுவேன்னு.”

அக்கா கரண்டியால் கிழங்கின் மேலிருந்த வெள்ளையையும் சிவப்பையும் பச்சையையும் ஓரமாக ஒதுக்கினாள். அடியில் கிடந்த கிழங்கை மட்டும் இரண்டாகப் பிளந்தாள்.

“உப்பு எடுத்துட்டு வா” என்றாள்.

எழுந்து போனேன். உப்பு டப்பா அடுக்களையில் கண்ணெதிரேதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமாயிற்று.